கடலோர ஓடைகளுக்கும் அளவுகோல் நடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வைகை அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்று தங்கள் நாளிதழில் தினமும் படிக்கிறோம். 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. இந்த எண்கள் ஆற்றங்கரை மக்களுக்கு மனப்பாடம். எண்ணைக் கேட்டதும் ஆடுமாட்டை மேட்டுக்கு ஓட்டிவிடுவார்கள், மோட்டாரைக் கழற்றிவிடுவார்கள்.

ராமநாதபுரம் கடலோரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் நுழைவதற்கு வைகை மட்டும் காரணமல்ல. பாக் விரிகுடாப் பக்கம் தொண்டி, தேவிபட்டினம், ஆற்றங்கரை, மண்டபம். மன்னார் வளைகுடாப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர். இந்த நெடுங்கரை முழுவதும் சின்னச் சின்ன ஓடைகளும் உப்பாறுகளும் கண்மாய்ப் போக்குக்கால்களும் கடலில் விழுகின்றன. கோடையில் கருவேலம் மண்டிய பள்ளமாகக் கிடப்பவை, கார்த்திகையில் ஓர் இரவில் தெருவுக்கு வந்துவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் கரையில் நீர்மட்டம் காட்ட ஒரு கோடுகூடக் கிடையாது. "தண்ணி பாலத்துக்கு வந்துருச்சு" என்ற சொல்தான் இன்றும் எச்சரிக்கை. அந்தச் சொல் வரும்போது பாலத்துக்கு இந்தப் பக்கம் ஏற்கெனவே முழங்கால் தண்ணீர் நிற்கும்.

ஒவ்வோர் ஓடைக்கும் அளவுகோல் வேண்டும். அதைச் சரியான இடத்தில், ஒரே சுழிக்கு (பூஜ்ஜியக் கோட்டுக்கு) வைத்து நட வேண்டும். கடல் ஏற்ற வற்றத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தக் கடிதம் அதற்காகத்தான். ஆவணியிலும் புரட்டாசியிலும் முடித்துவிடக்கூடிய வேலை இது. ஐப்பசி பிறந்த பிறகு ஓடைக்குள் குழி தோண்ட முடியாது.

மழை அளவு மட்டும் ஏன் போதாது என்பதை முதலில் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் மேட்டு நிலத்து மழை நேராக ஓடைக்கு வருவதில்லை. ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு (உபரி நீர் வழியும் வாய்) பாய்ந்து அடுத்ததற்குப் போகும், அது நிறைந்து அதற்கடுத்ததற்குப் போகும். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று பெயர் வாங்கிய ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயானாலும், பெயர் தெரியாத நூறு ஏக்கர் கண்மாயானாலும் இதுதான் முறை. ஐப்பசியில் 80 மி.மீ. மழை பெய்தால் கண்மாய்கள் குடித்துவிடும், ஓடையில் சலனமே இருக்காது. அதே 80 மி.மீ. மார்கழித் தொடக்கத்தில் பெய்தால், கண்மாய்கள் எல்லாம் முட்டி நிற்பதால், சில மணி நேரத்தில் முழுவதும் கடலோரத்துக்கு வந்துவிடும். "போன மாதம் இதைவிட அதிகமாகப் பெய்தது, ஒன்றும் ஆகவில்லையே" என்று மக்கள் அசட்டையாக இருப்பது இந்த இடத்தில்தான். ஆகவே மழை அளவோடு, ஓடைக்கு மேலே உள்ள கண்மாய்களில் எத்தனை கலுங்கு பாய்கின்றன என்பதும் தெரிய வேண்டும்.

மழையும் எல்லா இடத்திலும் ஒன்றாகப் பெய்வதில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபத்தில் 25 செ.மீ.யைத் தாண்டியது. அதே நாளில் மேற்கே பரமக்குடிப் பக்கம் பெய்தது அதில் மிகச் சிறிய பங்குதான். தாலுகா அலுவலகத்து மழைமானியைப் பார்த்துக் கடற்கரைக் கிராமத்துக்குக் கணக்குப் போடக் கூடாது. ஓடையின் நீர்பிடிப்புக்குள் குறைந்தது இரண்டு மழைமானிகள் இருக்க வேண்டும்: ஒன்று கலுங்கருகே, ஒன்று சாலைப் பாலத்தருகே. மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். காலை 8.30 மணிக்கு அளந்து கொட்டிவிட வேண்டும். கனமழை நாளில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

இனி கடல். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் ஒரு மீட்டருக்குக் குறைவுதான். இதனால் பலர் கடலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் நிலம் அவ்வளவு தட்டையானது. கிலோமீட்டருக்கு 20 செ.மீ. சரிவுள்ள ஓடையில் கடல் 20 செ.மீ. உயர்ந்து நின்றால், அந்தத் தடுப்பு ஒரு கிலோமீட்டர் உள்ளே வரை தெரியும். வாடைக் காலத்தில் கடலின் சராசரி மட்டமே பங்குனி, சித்திரையைவிட உயர்ந்திருக்கும். இதன்மேல் காற்றழுத்தத் தாழ்வு வந்தால் அழுத்தம் ஒரு மில்லிபார் குறைய ஏறத்தாழ ஒரு செ.மீ. வீதம் கடல் உயரும். வாடைக்காற்று பலமாக அடித்தால் ஆழம் குறைந்த பாக் விரிகுடாவின் தண்ணீரை நம் கரைப் பக்கம் தள்ளிக் குவிக்கும். தாழ்வும் காற்றும் ஏற்றும் இந்த உயரம் ஏற்ற வற்ற அட்டவணையில் இருக்காது. அட்டவணை நிலவையும் சூரியனையும் மட்டுமே பார்க்கும். எனவே அட்டவணையை நேரத்துக்கு நம்புங்கள், உயரத்துக்கு அளவுகோலை நம்புங்கள். இன்னொன்று: பாக் விரிகுடாப் பக்கமும் மன்னார் வளைகுடாப் பக்கமும் ஏற்ற நேரம் ஒன்றாக இருப்பதில்லை. பாம்பன் பாலத்தடியில் ஓடும் நீரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தொண்டிக்காரர் நேரத்தை வைத்து ஏர்வாடியில் கணக்குப் போட்டால் தவறும்.

அளவுகோலை எங்கே நடுவது? ஓர் ஓடைக்கு நான்கு இடம். கடைசிக் கண்மாயின் கலுங்கில் ஒன்று. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்துக்கு மேல்புறம் ஒன்று, கீழ்புறம் ஒன்று. முகத்துவாரத்துக்குச் சற்று உள்ளே, அலை அடிக்காத இடத்தில் ஒன்று. பக்கத்துப் படகுத்துறைத் தூணில் கடல் மட்டத்துக்கு ஒரு கோடு இருந்தால் இன்னும் நல்லது. பாலத்தருகே நடும்போது, பாலத்தடியில் தண்ணீர் போகும் குழாயின் வாயிலிருந்து 10 மீட்டராவது தள்ளி நட வேண்டும். வாயருகே தண்ணீர் உறிஞ்சப்பட்டுப் பள்ளமாக இறங்கும், அங்கே படித்தால் உண்மை மட்டத்தைவிடக் குறைவாகக் காட்டும். நேர்மாறாக, தண்ணீர் வந்து மோதுகிற முகப்பில் ஒட்டினால் அதிகமாகக் காட்டும். பக்கவாட்டுச் சுவரில், நீர் அமைதியாக நிற்கிற இடமே சரி.

எனாமல் பூசிய தகடு பார்க்க அழகாக இருக்கும். உப்புக் காற்றில் ஆணித் துளையருகே எனாமல் தெறித்து, இரண்டு மூன்று மழைக்காலத்தில் துரு எண்களைத் தின்றுவிடும். வேலிக்கு நடும் 8 அடிக் கல்தூண்தான் இந்த மண்ணுக்கு ஏற்றது. 10 செ.மீ.க்கு ஒரு கோடு உளியால் வெட்டி, 50 செ.மீ.க்கு ஒரு எண் கொத்தி, வெள்ளையும் கறுப்புமாக வண்ணம் பூசினால் வண்ணம் போனாலும் வெட்டு நிற்கும். இரவில் டார்ச் அடித்துப் படிக்க, லாரிகளின் பின்னால் ஒட்டுகிற ஒளிரும் பட்டையை அரை மீட்டருக்கு ஒன்றாக ஒட்டலாம். குழி ஒன்றரை அடிச் சதுரம், 80 செ.மீ. ஆழம், ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு மணல், நான்கு ஜல்லி. கலவைக்கும் நனைப்பதற்கும் ஓடைத் தண்ணீரை எடுக்கவே கூடாது, நல்ல தண்ணீர் கொண்டுவர வேண்டும். களிமண் தரை என்றால் குழியின் அடியில் நான்கு சவுக்குக் கட்டைகளை அடித்து இறக்கி அதன்மேல் கான்கிரீட் போட வேண்டும், இல்லாவிட்டால் முதல் வெள்ளத்தில் அடிமண் அரித்துத் தூண் சாயும். 8 அடித் தூணில் வெளியே தெரிவது ஒன்றரை மீட்டர் சொச்சம்தான். அதற்கு மேல் தண்ணீர் ஏறுகிற இடத்தில் கரையில் இன்னொரு தூண் நட்டு, இரண்டும் 20 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று கவியும்படி வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சுழி. நான்கு தூணுக்கும் தனித்தனிச் சுழி வைத்தால் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாத எண்ணால் பயன் பாதிதான். கடல் சராசரி மட்டத்தை 1.00 மீட்டர் என்று வைத்து நான்கையும் எழுதுங்கள். வற்ற நேரத்திலும் குறை எண் வராது, படிப்பவர் குழம்பமாட்டார். மட்டத்தை நில அளவையின் குறிக்கல்லிலிருந்து கொண்டுவர வேண்டும். கொத்தனார்கள் பயன்படுத்துகிற தண்ணீர்க் குழாய் மட்டம் பாலத்தின் இரு பக்கத்துக்குப் போதும். அதில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது, ஒரு முனை வெயிலிலும் மறுமுனை நிழலிலும் கிடக்கக் கூடாது. முகத்துவாரம் வரை இரண்டு கிலோமீட்டர் போக அது உதவாது. 20 மீட்டருக்கு ஒரு தடவை மாற்றி மாற்றி வைக்கும்போது பிழை சேர்ந்துகொண்டே போகும். மூன்று கால் லெவல் கருவியால் எடுத்து, போன வழியே திரும்பி வந்து, தொடங்கிய கல்லில் முடிக்க வேண்டும். 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி எடுக்க வேண்டும். ஊராட்சிக்கு ஒரு நாள் நீர்வளத்துறைப் பொறியாளர் வந்தால் முடிகிற வேலை இது.

ஒரே சுழிக்கு வைத்துவிட்டால் எண்களே எங்கே அடைப்பு என்று சொல்லும். பாலத்துக்கு மேல்புறம் 2.10, கீழ்புறம் 1.65, முகத்துவாரம் 1.55 என்று வைத்துக்கொள்வோம். பாலத்தில் மட்டும் 45 செ.மீ. விழுகிறது, ஆகவே குழாய்தான் தடுக்கிறது; அங்கே போய்ச் செடியையும் நெகிழியையும் எடுக்க வேண்டும். மேல்புறம் 2.10, கீழ்புறம் 2.05, முகத்துவாரம் 1.35 என்றால் பாலம் குற்றமற்றது. பாலத்துக்கும் கடலுக்கும் நடுவே ஏதோ அடைத்திருக்கிறது: கருவேலமாக இருக்கும், அல்லது உப்பளத்துக்காகவோ இறால் பண்ணைக்காகவோ ஓடைக்குள் நீட்டிப் போட்ட கரையாக இருக்கும். மூன்றுமே 2.00க்கு மேல் ஒட்டி நிற்க, படகுத்துறைத் தூணில் கடல் 1.20 தான் என்றால் முகத்துவாரத்தில் மணல் மூடியிருக்கிறது. கடலும் உயர்ந்தே நின்றால் பொக்லைன் வந்தும் பயனில்லை. வற்றம் வரும்வரை மக்களை மேட்டுக்கு அனுப்புவதுதான் வேலை. இந்த நான்கு நிலைக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. எண் இல்லாததால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக முகத்துவாரத்துக்கு இயந்திரத்தை அனுப்புகிறோம். அடைப்பு பாலத்தில் இருக்கும்.

ஏறுவது மழைத் தண்ணீரா கடல் தண்ணீரா என்ற சந்தேகம் வருவதுண்டு. உப்பளத் தொழிலாளர்களிடம் உள்ள, தண்ணீரின் உப்படர்த்தி காட்டும் போமே டிகிரிக் கண்ணாடி அதைத் தீர்த்துவிடும். கடல் தண்ணீரில் அது 3 டிகிரியை ஒட்டி நிற்கும், மழைத் தண்ணீரில் சுழிக்கு வந்துவிடும். அடித் தண்ணீரையும் எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கனமான உப்புநீர் கீழே படுத்திருக்க நல்ல தண்ணீர் மேலே ஓடும்.

பாலங்களைப் பற்றி ஒரு கணக்கு. 10 சதுர கிலோமீட்டர் நீர்பிடிப்பில் 30 மி.மீ. பெய்தால் 3 லட்சம் கன மீட்டர். மூன்றில் ஒரு பங்கு ஓடி வந்தாலே 1 லட்சம். அது மூன்று மணி நேரத்தில் பாலத்துக்கு வந்தால் நொடிக்கு 9 கன மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 330 கன அடி. 90 செ.மீ. விட்டத்தில் மூன்று குழாய் போட்ட பாலத்தில், நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகம் என்று தாராளமாக வைத்தாலும், 100 கன அடிதான் போகும். மீதி மூன்று மணி நேரத்தில் 70,000 கன மீட்டர் மேல்புறம் தேங்கும். 25 ஏக்கர் தாழ்வான இடத்தில் அது 70 செ.மீ. உயரம். குழாயில் பாதி மண் என்றால் இன்னும் மோசம். சாலையை உயர்த்திப் போடும்போது குழாயின் எண்ணிக்கையைப் பழையபடியே விட்டுவிடுவது, சாலைக்கு நல்லது செய்து ஊரை முழுக வைப்பதாகும். உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று அறிய, பாலத்துக்குக் கீழ்புறம் நேரான 20 மீட்டர் நீளத்தைக் கயிறு கட்டிக் குறித்து, பாதி முழுகி மிதக்கும் நெற்றுத் தேங்காயை மேலே போட்டு, கடக்கும் நேரத்தை எடுக்கலாம். தக்கையோ காலிப் புட்டியோ கூடாது, காற்று தள்ளிவிடும். மூன்று தடவை எடுத்துச் சராசரி பார்த்து, மேற்பரப்பு வேகத்தை 0.85 ஆல் பெருக்கினால் ஓடையின் சராசரி வேகம் வரும். அதை நீரோட்டத்தின் குறுக்குப் பரப்பால் பெருக்க வேண்டும். ஆழத்தை அமைதியான நாளிலேயே அளந்து வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளத்தில் யாரும் இறங்கவே கூடாது.

அளவுகோலை எப்போது படிப்பது என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. கலுங்கிலும் பாலத்து மேல்புறத்திலும் காலை 8.30க்கு ஒரு தடவை போதும். முகத்துவாரத்தில் அப்படிச் செய்தால் ஏமாந்துபோவோம். ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளித் தள்ளி வருகிறது. தினமும் ஒரே மணிக்குப் படித்தால் ஒரு நாள் ஏற்றத்தில் படிப்போம், ஒரு வாரம் கழித்து வற்றத்தில் படிப்போம். எழுதி வரைந்தால் ஓடை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்குவதுபோலத் தோன்றும். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. எனவே அங்கே மணியைப் பார்க்காமல் ஏற்ற உச்சியிலும் வற்ற அடியிலும் படிக்க வேண்டும். பகலில் இரண்டும் ஒவ்வொன்று கிடைத்தால் போதும். எச்சரிக்கை நாளில் எல்லா இடத்திலும் மணிக்கு ஒரு தடவை. அலை தளும்பினால் ஒரு நிமிடம் பார்த்து, மேலெல்லைக்கும் கீழெல்லைக்கும் நடு எண்ணை எழுத வேண்டும். "ஒன்றரை அடி இருக்கும்" என்று எழுதக் கூடாது. இடம், மணி, மீட்டரில் இரண்டு புள்ளி எண், ஏறுகிறதா இறங்குகிறதா, மழை. "பாலம் மேல்புறம், 17.30, 1.42, ஏறுகிறது, மழை 64" என்றால் யாருக்கும் புரியும்.

படிக்க ஆள் புதிதாகத் தேட வேண்டியதில்லை. ஊராட்சியில் குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுபவர் விடியலிலும் மாலையிலும் வேலையில் இருப்பார். கலுங்கைப் பார்க்க, கண்மாய்த் தண்ணீரைப் பிரித்துவிடும் நீர்ப்பாய்ச்சி இருப்பார். முகத்துவாரத்தை மீனவர்களைவிட யாருக்குத் தெரியும்? இவர்களுக்கு மழைக்கால மூன்று மாதத்துக்கு ஒரு ஊக்கத்தொகையும், ஒரு மழைக்கோட்டும், ஒரு நல்ல டார்ச்சும் கொடுப்பது ஊராட்சியால் இயலாததல்ல.

உச்ச வெள்ளம் பெரும்பாலும் நடுநிசியில் வந்து போகும். அதைப் பிடிக்க எளிய வழி உண்டு. இரண்டு அங்குலப் பி.வி.சி. குழாயை நிமிர்த்திக் கட்டி, அடியில் சிறு துளைகள் போட்டு, உள்ளே ஒரு மரச் சட்டத்தையும் ஒரு பிடி தக்கைத் தூளையும் போட்டு, மேலே காற்றுத் துளையுள்ள மூடி போட வேண்டும். தண்ணீர் ஏறும்போது தூள் மிதந்து ஏறும், இறங்கும்போது உச்சியில் சட்டத்தில் ஒட்டி நின்றுவிடும். காலையில் சட்டத்தை எடுத்து அளந்து, துடைத்து, மறுபடி போடலாம். மின்சாரமும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம்.

தானியங்கிக் கருவி வேண்டாம் என்று சொல்லவில்லை. எதை வாங்குவது என்று தெரிந்து வாங்க வேண்டும். மலிவான மீயொலிக் கருவி, ஒலி போய்த் திரும்பும் நேரத்தை அளந்து தூரம் சொல்கிறது. காற்றின் வெப்பம் 10 டிகிரி மாறினால் ஒலியின் வேகம் ஏறத்தாழ 1.75 விழுக்காடு மாறும். பாலத்திலிருந்து தண்ணீர் 3 மீட்டர் கீழே என்றால் 5 செ.மீ. பிழை. நம் ஊர் வெயிலில் பாலத்தடிக் காற்று காலைக்கும் மதியத்துக்கும் அவ்வளவு மாறும், எனவே வெப்பத் திருத்தம் இல்லாத கருவி தினமும் பொய் வெள்ளம் காட்டும். முகத்துக்கு முன்னால் 20, 25 செ.மீ.க்குள் அதற்குக் கண் தெரியாது, ஆகவே உச்ச வெள்ளத்துக்கு மேல் அரை மீட்டராவது உயர்த்தி வைக்க வேண்டும். சிலந்தி வலையும் குளவிக் கூடும் வேறு. நீருக்குள் போடுகிற அழுத்தக் கருவிக்கு வேறு சிக்கல்: கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட 2.5 விழுக்காடு கனம். 2 மீட்டர் ஆழத்தில் 5 செ.மீ. வித்தியாசம். பார்னக்கிள் என்ற ஓட்டுயிர் ஒட்டித் துளை அடையும். ரேடார் கருவிதான் இந்தக் கரைக்குச் சரி, விலை அதிகம். எதை வைத்தாலும் சூரியத் தகட்டை ஐந்து நாள் மூடிய வானத்துக்குக் கணக்கிட்டு மின்கலம் வைக்க வேண்டும். செய்தி அனுப்பும் நொடியில் மோடம் இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். பாதி வடிந்த மின்கலம் அந்த நொடியில் படுத்துவிடும். புயல் நாளில் கருவிகள் மௌனமாவதற்கு இதுவும் பெரிய காரணம். செல்போன் கோபுரமும் அன்றைக்கு நிச்சயமில்லை. அதனால்தான் கல்தூணை முதலில் சொன்னோம். கருவி காட்டுவதைத் தூணோடு வாரம் ஒரு தடவை ஒப்பிட்டு எழுதாத இடத்தில் கருவி இருந்தும் இல்லாததுபோல்தான்.

எச்சரிக்கைக் கோட்டைக் கண்மதிப்பாகப் போடக் கூடாது. ஊரில் மிகத் தாழ்ந்த வீட்டு வாசற்படியின் மட்டத்தை எடுங்கள், 2.60 என்று வைப்போம். அந்த ஓடை வேகமாக ஏறும்போது மணிக்கு 20 செ.மீ. ஏறுகிறது; முதியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிச் செல்ல, வலையையும் எஞ்சினையும் மேலே ஏற்ற மூன்று மணி நேரம் வேண்டும் என்றால் 60 செ.மீ. கழியும். அலைக்கும் பிழைக்கும் 10 செ.மீ. ஆக 1.90இல் சிவப்பு. அதற்கு 30 செ.மீ. கீழே 1.60இல் மஞ்சள். மழையே இல்லாத அமாவாசை ஏற்றம் மஞ்சளைத் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டால் நான்காவது மாதம் எச்சரிக்கையை யாரும் மதிக்கமாட்டார்கள். தரைப்பாலங்களுக்குத் தனிச் சிவப்புக் கோடு வேண்டும்: தண்ணீர் பாலத்தின் மேல் ஏறுவதற்கு 30 செ.மீ. முன்பே இரு பக்கமும் சங்கிலி கட்டிவிட வேண்டும். முழங்கால் அளவுத் தண்ணீர் வேகமாக ஓடினால் ஆளைத் தள்ளிவிடும், காரை மிதக்கவிடும்.

சிவப்பு வந்தால் மாவட்ட அவசர எண் 1077. அதோடு ஊருக்குள் கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கி, மின்கலத்தில் ஓடும்படி. கரையில் கட்டிய விசைப்படகுகளின் வி.ஹெச்.எஃப். வானொலிக் கருவி செல்போன் போன பிறகும் பேசும். இவற்றை மழைக்கு முன்பே ஒரு தடவை ஒத்திகை பார்க்க வேண்டும்.

முகத்துவாரம் வெட்டுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். அதை ஏற்ற நேரத்தில் வெட்டினால் கடல்தான் உள்ளே வரும். ஊருணியும் கிணறும் கெடும். உள்நீர் கடலைவிட 30 செ.மீ.யாவது உயர்ந்திருக்கும்போது, வற்றம் தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் திறக்க வேண்டும். இரண்டு, மூன்று மீட்டர் அகலக் கால் போதும், மீதியைத் தண்ணீரே அகலமாக்கிக்கொள்ளும். உள்நீர்ப் பக்கம் ஒரு மீட்டர் அடைப்பை விட்டுவைத்துக் கடைசியில் எடுக்க வேண்டும். வெட்டிய மணலை விளிம்பிலேயே கொட்டினால் அடுத்த ஏற்றம் அதையே வாரி வாயில் போடும். திறந்த பின் விளிம்பில் யாரும் நிற்கக் கூடாது. சில நிமிடத்தில் அடிமணல் சரியும். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவை ஒட்டிய கரை இது, கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு. அனுமதியை ஆவணியிலேயே வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும், வெள்ளத்தன்று கையெழுத்துக்கு ஓடக் கூடாது. தூர்வாருகிறோம் என்று காரங்காட்டில் இருப்பதுபோன்ற அலையாத்தி மரங்களில் கைவைக்கவும் கூடாது. எடுக்க வேண்டியது ஓடைப் படுகையில் நிற்கும் சீமைக் கருவேலம், அதுவும் வேரோடு. வெட்டினால் அடுத்த மழைக்கு முன் இரண்டு மடங்காகத் தழைக்கும்.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது போன்ற புயல் அலைக்குக் கல்தூண் பதில் அல்ல. அந்த அளவு எச்சரிக்கை வானிலைத் துறையிடமிருந்தும் ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையத்திடமிருந்தும்தான் வரும், வந்தால் ஊரையே காலி செய்ய வேண்டும். நாங்கள் பேசுவது ஆண்டுதோறும் வருகிற வெள்ளத்தைப் பற்றி. அரிசி மூட்டை நனைவது, பிள்ளைகளின் புத்தகம் ஊறுவது, வலை அழுகுவது, குடிநீர்க் கிணற்றில் சாக்கடை கலப்பது ஆகியவை இந்தச் சின்ன வெள்ளங்களில்தான் நடக்கின்றன. அவை ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் முன்பே தெரியக்கூடியவை என்பதால்தான் மனம் ஆறவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் மழை அளவையும் வைகை அணை மட்டத்தையும் வெளியிடும் அதே கட்டத்தில், கடலோர ஓடைகளுக்கு ஒரு வரி ஒதுக்குங்கள்: ஓடையின் பெயர், பாலத்து மேல்புற மட்டம், சிவப்புக் கோட்டுக்கு இன்னும் எத்தனை செ.மீ., அன்றைய இரண்டு ஏற்ற நேரங்கள், மேலே பாயும் கலுங்குகளின் எண்ணிக்கை. தொடக்கத்தில் நாலைந்து ஓடைகளுக்குத்தான் எண் கிடைக்கும். மற்றவற்றின் பெயரை அச்சிட்டு, எதிரே "அளவுகோல் இல்லை" என்று போடுங்கள். அந்த ஊராட்சிகளின் கிராம சபைக் கூட்டம் அக்டோபர் 2 அன்று நடக்கும். தூண் நடுவதற்கான தீர்மானத்தை அன்றே நிறைவேற்றலாம்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் மாவட்டக் கடலோர வாசகர்கள் சிலர்